வேர் முடிச்சில் நடக்கும் கூட்டுறவு

கூட்டுறவு என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். 1904-ஆம் ஆண்டில் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டதை அதன் பிறப்பாகக் கொண்டு ஆண்டு விழாக்களில் பேசுகிறோம். ஆனால் நம் காட்டில் விளையும் கடலைக்காய்ச் செடி ஒன்றைப் பக்குவமாகத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பார்ப்போமானால், அங்கே சிறு மணிகள் போல் ஒட்டியிருக்கும் முடிச்சுகளில், அச்சட்டத்தினும் பல கோடி ஆண்டுகள் மூத்த கூட்டுறவு ஒன்று நடந்து வருவதைக் காணலாம். செடி ஒரு பங்குதாரர். ரைசோபியம் வகுப்பைச் சேர்ந்த மண் நுண்ணுயிர் மற்றொரு பங்குதாரர். செடி சர்க்கரையைத் தருகிறது. நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தருகிறது.

இக்கூட்டுறவின் உள்விதிகளை விஞ்ஞானிகள் சென்ற நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் படித்தறிந்திருக்கிறார்கள். அவற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதும், அறிந்தபின் நம் சங்கங்களின் உரக் கிடங்கில் சில நடைமுறைகள் மாறியாக வேண்டும் என்பதும் நமது கருத்து. இதனை எழுத முற்பட்ட காரணமும் அதுவே.

முதலில் பொருளின் அளவைக் காண்போம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் மட்டும் அது 30,000 டன்னுக்கு மேல் இருக்கிறது. இருந்தும் பயிர் அதனை நேரே உண்ண இயலாது; அதன் இரு அணுக்களும் அவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன. அப்பிணைப்பை ஆலையில் உடைக்கும் வழியை ஜெர்மனியில் ஹேபர் என்பார் கண்டறிந்தார். 1913-இல் அந்நாட்டின் ஓப்பாவ் நகரில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. காற்றழுத்தத்தைப் போல் பல நூறு மடங்கு அழுத்தமும், 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் அதற்கு வேண்டியிருந்தன. நம் கைக்கு வரும் யூரியாவின் மூதாதை அதுவே. அதே வேலையை வேர் முடிச்சு மண்ணின் இயல்பான சூட்டில், ஓசையின்றிச் செய்துவிடுகிறது. பயறுவகைப் பயிர்களின் வேர் முடிச்சுக்கும் காற்று நைட்ரஜனுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மனியின் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களில் மெய்ப்பித்தனர். 1888-இல் ஹாலந்து தேசத்துப் பெய்ரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்துக் காட்டினார்.

அங்கத்தினர் சேர்க்கை எவ்வாறு நடைபெறுகிறது என்பதே இதில் வியப்புக்குரிய பகுதி. மண்ணில் ஆயிரக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் பல வேரை அழுகச் செய்யும் பகைவர்கள். கதவைத் திறந்து வைத்தால் கள்வரும் புகுவர். அடைத்து வைத்தால் உதவி செய்ய வருபவரும் திரும்பிப் போவர். இச்சிக்கலைச் செடி எப்படித் தீர்க்கிறது?

தழைச்சத்துக் குறைவை உணர்ந்த வேர், ஃபிளேவனாய்டு எனப்படும் ஒருவகைப் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. இதனை ஓர் அழைப்பிதழ் எனலாம். உரிய நுண்ணுயிரினுள் இருக்கும் ஒரு புரதம் அவ்வழைப்பை அறிந்துகொள்கிறது. உடனே அந்நுண்ணுயிர் தன் பதிலைத் தயாரிக்கிறது. அப்பதிலும் ஒரு ரசாயனப் பொருளே. நண்டின் ஓட்டிலும் பூச்சியின் தோட்டிலும் உள்ள கைட்டின் என்னும் பொருளின் நான்கைந்து கண்ணிகள் கொண்ட சிறு சங்கிலி. அதன் நுனியில் ஒரு கொழுப்பு வால். இதன் அமைப்பைப் பிரான்ஸ் நாட்டின் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 1990-இல் கண்டறிந்து வெளியிட்டனர். முடிச்சுக் காரணி என்று இதனை அழைக்கிறார்கள்.

வேரின் உயிரணுச் சவ்வில் இப்பதிலைப் படித்துப் பார்க்க இரண்டு புரதங்கள் நிற்கின்றன. ஒரு காட்டுப் பயறுவகைச் செடியில் 2003-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இவற்றை அடையாளம் கண்டு என்.எஃப்.ஆர். 1, என்.எஃப்.ஆர். 5 என்று பெயரிட்டனர். நம் நெசவாளத் தோழர்களுக்கு இதனை விளக்குவது எளிது. பாவு மட்டும் இருந்தால் துணியாகாது. ஊடை மட்டும் இருந்தாலும் ஆகாது. அவ்வாறே இவ்விரு புரதங்களும் இணைந்து நின்றால்தான் செய்தி உள்ளே போகும். ஒன்று பழுதுபட்டாலும் முடிச்சு உண்டாவதில்லை. சங்கிலியின் நீளமோ, அதன் மேலுள்ள சிறு அலங்காரங்களோ மாறியிருந்தால், 'இவர் நம் சங்கத்துக்குரியவர் அல்லர்' என்று கதவு அடைபட்டே இருக்கும்.

கதவு திறந்தபின் செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே செல்கிறது. சிம்ஆர்கே என்னும் மற்றொரு புரதம் அதனை வாங்கி அனுப்புகிறது. உயிரணுவின் கருவைச் சுற்றிச் சுண்ணச்சத்தின் அளவு ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கத் தொடங்குகிறது. தறியின் மிதி ஏறி இறங்குவது போன்ற ஒரு தாளம் அது. அத்தாளத்தை எண்ணிப் பார்ப்பதற்கென்றே சி.சி.ஏ.எம்.கே. என்றொரு புரதம் இருக்கிறது. தாளம் சரியென்று கண்டால், அது சைக்ளோப்ஸ் என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. அது முடிச்சுக்குரிய மரபணுக்களை எழுப்புகிறது. அதன் பின்னரே வேரின் உயிரணுக்கள் பிரிந்து பெருகி முடிச்சாகத் திரள்கின்றன. இத்தனை கையொப்பங்களும் விழாமல் ஒரு நுண்ணுயிரும் அங்கத்தினராவதில்லை.

நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மைத்ரேயி தாஸ்குப்தா அவர்களின் குழுவினர் நமது நிலக்கடலையையே எடுத்துக்கொண்டு, அதன் சிம்ஆர்கே, சி.சி.ஏ.எம்.கே. ஆகிய புரதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். முடிச்சினுள் நுண்ணுயிர்கள் பரவுவதில் சி.சி.ஏ.எம்.கே. புரதத்துக்குள்ள பங்கினை 2009-இல் வெளியிட்டனர். நிலக்கடலைக்கு ஒரு தனிப்பண்பும் உண்டு. பல பயறுவகைகளில் நுண்ணுயிர் வேர்த் தூவியின் வழியே நுழையும். நிலக்கடலையிலோ பக்கவேர் வெளிப்படும் இடத்தில் உண்டாகும் சிறு வெடிப்பின் வழியே நுழைகிறது. வாசல் வேறாயினும் உள்ளே கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் அவையே.

உள்ளே வந்தபின்னும் கணக்குப் பரிசோதனை நிற்பதில்லை. நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆனால் நுண்ணுயிர் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இவ்விரண்டையும் சமன் செய்ய, நம் இரத்தத்திலுள்ள செம்பொருளை ஒத்த ஒரு புரதத்தைச் செடி ஆக்கிக்கொள்கிறது. நன்கு வேலை செய்யும் முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இதனாலேதான். பங்கு பெற்றுக்கொண்டு வேலை செய்யாதிருக்கும் நுண்ணுயிரைச் செடி என்ன செய்யும் என்பதையும் 2003-இல் கலிபோர்னியாவில் சோயாப் பயிரைக் கொண்டு சோதித்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை அகற்றி, அங்கிருந்த நுண்ணுயிர்கள் உழைக்க இயலாதவாறு செய்தனர். செடி அம்முடிச்சுகளுக்குச் செல்லும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. அவற்றிலிருந்த நுண்ணுயிர்கள் மற்றவற்றைப் போல் பெருகவில்லை. தவணை கட்டாத அங்கத்தினருக்கு மேற்கொண்டு கடன் இல்லை என்ற விதியைச் செடி நம்மைவிடக் கண்டிப்பாக நடத்துகிறது!

இனி நம் நிலத்துக்கு வருவோம். பவானிசாகர் அணை 1955-இல் முடிவுற்றது. கீழ்பவானிக் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுக்கு நீர் தருகிறது. ஆயக்கட்டில் ஒரு பாதிக்கு நன்செய்ப் போகம், மறு பாதிக்குப் புன்செய்ப் போகம். அடுத்த ஆண்டில் இது மாறி வரும். புன்செய்ப் போகத்தில் கடலைக்காயும் எள்ளும் நம் குடியானவர்களின் பயிர்கள். கால்வாய் எட்டாத மானாவாரிக் காடுகளிலோ கொள்ளும், தட்டைப்பயறும், துவரையும், மொச்சையும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்திருக்கின்றன. பருத்திக்கு ஊடே உளுந்து விதைப்பதும் உண்டு. சணப்பையும் தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் விதைத்து மடக்கி உழுவதை நம் முன்னோர் அறிந்தேயிருந்தனர். முற்காலத்தில் துணிக்கு நீலச்சாயம் தந்த அவுரியும் இக்குலத்துச் செடியே. ஆகவே வேர் முடிச்சு என்பது உழவருக்கும் நெசவாளருக்கும் பொதுவான ஒரு பழைய சொத்தாகும்.

அச்சொத்தின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பயறுவகைப் பயிர்களில் உலர் எடையில் ஒரு டன் தழையும் தண்டும் உண்டாகுமிடத்து, சராசரியாக 20 கிலோ நைட்ரஜன் காற்றிலிருந்து சேர்வதாக அறிஞர்கள் பொதுக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். எனவே ஒரு மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்றே அதிகம். ஏக்கருக்கு இரண்டு டன் கொடி தரும் நல்ல கடலைப் பயிர், இரண்டு மூட்டை யூரியாவுக்கு ஒப்பான தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்கிறது என்று இதனால் பெறப்படுகிறது. மண், நீர், இரகம் இவற்றைப் பொறுத்து இது கூடவும் குறையவும் செய்யும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அதற்காக நுண்ணுயிரையும் முடிச்சையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா?' என்று நம் அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவ்விலை உண்மை விலை அன்று. எஞ்சியதைச் சர்க்கார் செலுத்துகிறது. அதற்கு மூலப்பொருளான இயற்கை வாயுவில் பெரும் பங்கு கடல் கடந்து வருகிறது. அதற்கும் மேலாக, முடிச்சின் விதிகளே ஒரு விடையைத் தருகின்றன. வேரருகே நைட்ரேட் மிகுந்திருந்தால், வேரிலிருந்து சிறு புரதத் துணுக்குகள் தண்டின் வழியே மேலே செல்கின்றன. இலைப்பகுதியில் உள்ள மற்றொரு புரதம் அவற்றை வாங்கி, 'போதும், இனி முடிச்சு வேண்டாம்' என்ற கட்டளையைக் கீழே அனுப்புகிறது. கடைத்தெருவில் சும்மா கிடைப்பதைச் சங்கத்தில் பங்குப் பணம் கட்டி வாங்குவார் யார்? கடலைக்குத் தாராளமாக யூரியா தூவுகிற குடியானவர், தம் கைப்பணத்தைச் செலவிட்டுத் தம் வயலிலுள்ள கூட்டுறவைக் கலைக்கிறார். விதைப்பில் சிறிதளவு தழைச்சத்து இடுவதை வேளாண் துறையினரே பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேற்பட்டதைத்தான் நாம் மறுக்கிறோம்.

மற்றொரு மறுப்பும் உண்டு. 'நம் மண்ணில் இந்நுண்ணுயிர் முன்னமே இருக்கிறது, பொட்டலம் எதற்கு?' இதிலும் உண்மை இருக்கிறது. கடலை, தட்டை, பாசி, உளுந்து, கொள்ளு, துவரை ஆகியவை ஏறத்தாழ ஒரே கூட்டத்து நுண்ணுயிர்களோடு உறவு கொள்பவை. இவை தொடர்ந்து விளைந்துவரும் காட்டில் பொட்டலம் இடுவதால் பெரும் வேறுபாடு தெரியாமற் போகலாம். பழைய குடிகள் புதியவரை நெருங்க விடுவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் நீர் தேங்கி நெல் நின்ற வயலில் இவற்றின் தொகை குறைந்துவிடுவதுண்டு. ஓராண்டு நெல், மறு ஆண்டு கடலை என்று மாறிவரும் கீழ்பவானி ஆயக்கட்டுக்கு இது முக்கியமான விஷயம். சோயா, கொண்டைக்கடலை போன்றவற்றைப் புதிதாக விதைப்போருக்கோ அவற்றுக்குரிய தனி நுண்ணுயிர் இன்றியமையாதது. கடலையின் நுண்ணுயிர் அவற்றின் கதவைத் தட்டினாலும் திறவாது. ஆகவே எல்லார் தலையிலும் பொட்டலத்தைக் கட்டுவதும் தவறு. எவருக்கும் வேண்டாம் என்பதும் தவறு. வேரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கோயமுத்தூரில் 1906 முதல் வேளாண்மைக் கல்லூரி இருந்து வருகிறது. 1971-இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. நம் வாசலிலேயே அமைந்த அந்நிலையம் நிலக்கடலைக்கென்று டி.என்.ஏ.யு. 14 என்னும் நுண்ணுயிர் வகையைத் தேர்ந்து தந்திருக்கிறது. எக்டேருக்கு வேண்டிய விதைக்கு 200 கிராம் பொட்டலம் மூன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை மேல் பூசி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி விதைக்க வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடுவதை அறிந்த நெசவாளர் வீட்டினர் இதில் உழவருக்கே பாடம் சொல்லலாம். பூச்சு சீராகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் பொது விதி. பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்த விதையானால், 24 மணி நேரம் கழித்தே நுண்ணுயிரைப் பூச வேண்டும். விதையில் பூச இயலாதவர்கள் பத்துப் பொட்டலத்தை 25 கிலோ தொழுவுரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து விதைப்புக்கு முன் நிலத்தில் இடலாம்.

இங்கேதான் நம் சங்கங்களின் கடமை தொடங்குகிறது. யூரியா உயிரற்ற ஒரு ரசாயனப் பொருள். பொட்டலத்தில் இருப்பதோ உயிர். இரண்டையும் ஒரே தகரக் கொட்டகையில், ஒரே வெயிலில், ஒரே அடுக்கில் வைப்பது எவ்வகையில் பொருந்தும்? சித்திரை வெயிலில் கொதிக்கும் கூரையின் கீழ்ச் சில வாரங்கள் கிடந்தபின், பொட்டலத்தில் எஞ்சுவது நிலக்கரித் தூளேயன்றி நுண்ணுயிர் அன்று. அதனை வாங்கிப் பூசிய குடியானவர் பயன் காணாமல், 'இதெல்லாம் வீண்' என்று முடிவு கட்டுவார். குற்றம் விஞ்ஞானத்தின் மீது விழும். உர மூட்டையோடு பொட்டலத்தையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்று வற்புறுத்தும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது இதனினும் கேடானது. கட்டாயத்தால் வாங்கிய பொருள் திண்ணையிலேயே கிடந்து மடியும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-ஆம் ஆண்டு முதல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. தூள் வடிவிலுள்ள ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிர்களும், திரவ வடிவில் மில்லி லிட்டருக்குக் குறைந்தது 10 கோடி உயிர்களும் இருக்க வேண்டும் என்பது விதி. விதி இருந்தும், கேட்பவர் இல்லையேல் அது காகிதமே. நூல் வாங்கும்போது நம்பரையும் முறுக்கையும் சோதிக்காமல் எந்த நெசவாளர் சங்கமும் பணம் கொடுப்பதில்லை. அதே விழிப்பு உயிர் உரத்துக்கும் வேண்டும்.

நெசவுத் தொழிலுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருப்பதை மறைப்பதற்கில்லை. மண்ணில் உப்பு ஏறினால் முடிச்சுக் கூட்டுறவு அதன் தொடக்கத்திலேயே தடைப்படுகிறது. நுண்ணுயிர் வேரில் ஒட்டுவதும், வேர்த் தூவி வளைந்து கொடுப்பதும் உப்பில் குன்றிவிடுகின்றன. செடி பிழைத்திருக்கும் அளவு உப்பிலேயே முடிச்சு குறைந்துபோகும். சென்னிமலைக்கு அருகில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டப்பட்டது. பாசனத்துக்கென்று எழுந்த அவ்வணையில் திருப்பூர்ப் பக்கத்துச் சாயக்கழிவு வந்து தேங்கியதும், அந்நீரால் கீழேயிருந்த நிலங்களும் கிணறுகளும் கெட்டதும் நாம் அறிந்த வரலாறு. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவு நீரை வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரையில் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. துணிக்கு நிறம் ஏற்றும் தொழிலும் வேருக்கு உயிர் ஊட்டும் தொழிலும் ஒரே ஆற்றின் நீரை நம்பியிருக்கின்றன. ஒரே இதழைப் படிக்கும் நாம் ஒருவர் வயலில் மற்றொருவர் உப்பைக் கொட்டலாகாது.

வருங்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். முடிச்சுக் காரணியை அறியும் புரதமும், பகைவரை அறிந்து எதிர்க்கும் புரதமும் அமைப்பில் நெருங்கிய உறவினர். 2025-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார், எதிர்க்கும் புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றி, அதனை வரவேற்கும் புரதமாக்கிக் காட்டினர். பார்லியின் புரதம் ஒன்றிலும் இவ்வாறு செய்ய முடிவதைக் கண்டனர். நெல்லும் சோளமும் தாமே தழைச்சத்துத் தேடும் நாள் வந்துவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. வழி இன்னும் நெடியது. ஆயினும் அந்நாள் வருமானால் அவ்விதை எவர் கையில் இருக்கும் என்ற கேள்வியை நாம் இன்றே எழுப்ப வேண்டும். பொதுப்பணத்தில் பல்கலைக்கழகங்கள் தேடிய அறிவு, குடியானவர் சங்கங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதே நமது நிலை.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செவ்வனே செய்வோம். அடுத்த புன்செய்ப் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் முன், ஒவ்வொரு சங்க நிர்வாகக் குழுவும் நான்கு காரியங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, வேண்டுவோரிடம் முன்கூட்டியே பெயர் பதிந்து, விதைப்புக்குச் சில நாள் முன்னர் மட்டும் புதிய பொட்டலங்களை வரவழைத்து, நிழலும் குளிர்ச்சியும் உள்ள அறையில் வைத்து வழங்குதல், எவரையும் வற்புறுத்தாதிருத்தல். இரண்டு, பொட்டலத்தின் மேலுள்ள தேதியைப் பார்த்து வாங்குதல். ஐயமுள்ள சரக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புதல். மூன்று, ஊருக்கு ஒரு வயலில் பூசிய விதையையும் பூசாத விதையையும் அருகருகே விதைத்து, முப்பதாம் நாளுக்கு மேல் செடிகளைத் தோண்டி, முடிச்சுகளைக் கீறிப் பார்த்து, அறுவடையில் காயை நிறுத்து, அக்கணக்கைச் சங்கப் பலகையில் எழுதுதல். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. முற்றிய முடிச்சும் வெளிறியிருந்தால் நடக்கவில்லை. பச்சையாக இருந்தால் அதன் காலம் முடிந்தது. செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தோண்டியே எடுக்க வேண்டும். நான்கு, கடலைக்கொடியை மாட்டுக்குப் போடுவோர், அதற்கு ஈடான சாணத்தை அதே நிலத்துக்குத் திருப்புதல். கொடியோடு தழைச்சத்தும் போய்விடுகிறது என்பதை மறந்துவிட்டு, கடலை மண்ணை வளப்படுத்தும் என்று பேசிப் பயனில்லை.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. சிறிது கவனமும் நேர்மையான கணக்கும் போதும். தகுதியறிந்து சேர்த்தல், பங்குக்கேற்ப உழைத்தல், உழைப்புக்கேற்பப் பெறுதல், தேவைக்கு மேல் பெருக்காதிருத்தல் என்னும் விதிகளைக் கடலைக்காய்ச் செடி எழுத்தறிவின்றியே காத்து வருகிறது. அவ்விதிகளை அச்சிட்டு வைத்திருக்கும் நம் சங்கங்கள் அச்செடியின் வேருக்கு உரியதைச் செய்யத் தவறலாகாது. அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசி, முடிவுகளை நமக்கும் எழுதி அனுப்புவார்களாக.